யாருக்குத் துணை, எந்த வேந்தர்?

"ஹோவர்ட் பல்கலைக்கழகத் துணைவேந்தர்" என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் படித்தாயிற்று. கமலா ஹாரிஸ் படித்த இடம் என்பதால் பெயர் நமக்குப் பழகிவிட்டது. அதை ஹார்வர்ட் என்று 'திருத்துவது' கூடக் குறைந்திருக்கிறது. துணைவேந்தர் மட்டும் நகர மாட்டேன் என்கிறார்.

அங்கே அந்தப் பதவியின் பெயர் பிரசிடெண்ட். லத்தீன் மூலத்தில் முன்னே அமர்பவர், அதாவது அவைக்குத் தலைமை தாங்குபவர். தமிழில் தலைவர். அவ்வளவுதான்.

வேலை ஒன்றுதானே, நமக்குப் பழகிய சொல்லையே போட்டால் என்ன என்பார்கள். வேலை ஒன்றாகவே இருக்கட்டும். துணைவேந்தர் என்றதும் அவருக்கு மேலே ஒரு வேந்தர் வந்து உட்கார்ந்துவிடுகிறாரே! தமிழ்நாட்டு வாசகர் ஆளுநரை நினைப்பார். ஹோவர்ட் இருப்பதோ வாஷிங்டன் டி.சி.யில். அந்த ஊருக்கு மேயர் உண்டு, ஆளுநரே கிடையாது. வேந்தர் என்பதே நாம் ஊதிப் பெருக்கிய சொல். சான்சலர் என்பவர் ஆதியில் ரோமாபுரி நீதிமன்றத்தில் கம்பித் தடுப்பருகே நின்ற ஊழியர். அவருக்கு நாம் சேர சோழ பாண்டியர் முடியைச் சூட்டினோம்.

ஹோவர்டில் தலைவரை அமர்த்துவது அறங்காவலர் குழு. இது தெரியாவிட்டால் அந்தப் பதவியின் வரலாறே பிடிபடாது. கறுப்பின மக்களின் கல்விக்கென 1867-இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. அங்கே சட்டத்துறையை உருவாக்கிய ஜான் மெர்சர் லாங்ஸ்டன் பொறுப்புத் தலைவராகவும் இருந்தார்; ஆனால் அவர் கறுப்பினத்தவர். 1875-இல் குழு அவருக்கு நிரந்தரப் பதவி தர மறுத்தது. விலகிப் போனார். நிரந்தரப் பதவியில் ஒரு கறுப்பினத்தவர், மார்டெகாய் ஜான்சன், அமர 1926 ஆனது. 1960 வரை அவர்தான். 1989-இல் குடியரசுக் கட்சித் தலைவர் லீ அட்வாட்டரைக் குழுவில் சேர்த்ததற்காக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அட்வாட்டர் விலகினார், அதே ஆண்டு தலைவர் ஜேம்ஸ் சீக்கும் பதவியை விட்டார். இந்தக் கதையில் வேந்தரை எங்கே செருகுவது?

இன்னொரு கட்சி 'அதிபர்' என்கிறது, அமெரிக்க அதிபர் இருக்கிறாரே என்று. யாழ்ப்பாணத்தில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இங்கேயோ தொழிலதிபர், ஆலை அதிபர்: சொத்துக்காரர். குழு நினைத்தால் வீட்டுக்கு அனுப்பக்கூடியவருக்கு உடைமையாளர் பட்டமா? 'ஹோவர்டின் ஜனாதிபதி' என்று எந்திரத்திடம் கேட்டு எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

பதவி மாறும்போது 'வாரிசு' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். பரம்பரைச் சொத்தா அது? 2025-இல் பென் வின்சன் விலகியதும், முன்பு தலைவராக இருந்த வேய்ன் ஃபிரெடெரிக் திரும்பி வந்தார். இடைக்காலத் தலைவர் என்றால் தெளிவாகப் புரிகிறது.

ஒரு விலக்கு உண்டு. அலபாமாவில் டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்வி நிலையத்தில் 1881 முதல் 1915 வரை இருந்த புக்கர் டி. வாஷிங்டன், அவருக்குப் பின் ராபர்ட் மோட்டன், இருவரும் வகித்த பதவி பிரின்சிபல். அவர்களைத் தலைவர் ஆக்காமல் முதல்வர் என்றே எழுதுங்கள். 'டஸ்கீகி முதல்வர்' என்று மொட்டையாக விட்டால் சட்டசபையைத் தேடுவார்கள். 'டஸ்கீகி கல்வி நிலைய முதல்வர்' என்று முழுசாகப் போடுங்கள்.