டிசம்பர் பக்கத்தில் இருக்கிறது உங்கள் விண்ணப்பம்

ஏற்காட்டில் நாகலூர் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் மேசையில் போன வருட வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நவம்பர் கடைசியில் ஆங்காங்கே ஆப்சென்ட். டிசம்பரைப் புரட்டினால், ஏழாம் வகுப்பில் ஆறு பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வாரக்கணக்கில் சிவப்பு மை. பையன்கள் பெரும்பாலும் வந்திருந்தார்கள்.

“காப்பிப் பழம் பறிக்கிற சீசன் சார். வருஷா வருஷம் இப்படித்தான்” என்றார் தலைமையாசிரியர்.

என்னோடு மலைக்கு வந்திருந்த டிரஸ்ட் அக்கா அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் பையில் நிதி கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பம் இருந்தது. அதே பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் டிவி, நாற்பது ஸ்கூல் பை, ஒருநாள் மருத்துவ முகாம். இரண்டு இடங்களுக்கு அனுப்பி இரண்டிலும் நிராகரித்துவிட்டார்கள்.

சேலத்தில் சிறு டிரஸ்ட்டுகளுக்கு நிதி விண்ணப்பம் எழுத உதவுவதும், அவர்களுடைய கணக்கைச் சீர்ப்படுத்தித் தருவதும் என் தொழில். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவற்றை எழுதியவர்களின் அக்கறையில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் “பின்தங்கிய மலைவாழ் மக்களின் கல்வி, சுகாதார மேம்பாட்டுக்காக” என்று தொடங்கும் விண்ணப்பம் ஜவ்வாது மலைக்கும் பொருந்தும், கொல்லிமலைக்கும் பொருந்தும். படிக்கிறவருக்கு உங்கள் ஊர் அதில் தெரிவதில்லை.

அன்று மதியம் அந்த ஆறு வீடுகளில் நாலு வீட்டுக்குப் போனோம். ஒரு வீட்டு வாசலில் பன்னிரண்டு வயதுப் பெண், இடுப்பில் எட்டு மாதத் தம்பியோடு நின்றிருந்தாள். அவள் அம்மா சொன்னது இதுதான்: “காலைல ஏழு மணிக்கெல்லாம் எஸ்டேட்டுல நிக்கணும். இவ பள்ளிக்கூடம் போயிட்டா பாப்பாவ யாருங்க பாக்கறது?” அங்கன்வாடி இருக்கிறது, சரிவில் இறங்கி ஏறிப் போகும் தூரத்தில். அது திறப்பதற்குள் இவர்கள் வேலையில் நிற்க வேண்டும். அதோடு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ள அங்கே ஏற்பாடு கிடையாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை நாள் முழுக்கப் புட்டிப்பாலிலும் பிஸ்கட்டிலும் கிடக்கிறது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் படிப்பு வருடத்தில் மூன்று மாதம் அறுபடுகிறது. கல்வியிலும் ஆரோக்கியத்திலும் அந்த வீட்டுக்கு வந்த பள்ளத்துக்குக் காரணம் ஒன்றேதான். ஸ்மார்ட் டிவி அதை நிரப்பாது.

விண்ணப்பத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். பறிப்புக் காலத்துக்கு மட்டும் ஒரு குழந்தைகள் காப்பகம். ஊரிலேயே இரண்டு பெண்களுக்குச் சம்பளம். பால், முட்டை, தொட்டில் துணி, ஓர் எடை பார்க்கும் கருவி. தாய்மார் மதியம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும் தொலைவில் ஓர் இடம். கேட்ட தொகை முந்தையதைவிடக் குறைவு.

அதற்கும் ஒரு கேள்வி வந்தது: “இது தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது இல்லையா?” நியாயமான கேள்வி. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. இந்தத் தாய்மார் வேலைக்குப் போவதோ பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு தோட்டங்களுக்கு. சட்டத்தின் கை எட்டாத இடம் அது. அதை இரண்டு வரியில் எழுதி, தோட்டங்களின் பட்டியலை இணைத்தோம். அரசும் முதலாளியும் செய்ய வேண்டியதை நிதி தரும் அறக்கட்டளைகள் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், ஏற்றிக்கொள்ளவும் கூடாது. இருக்கும் திட்டம் எங்கே முடிகிறது, உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நிறையப் பேர் செய்யும் தவறு, மாவட்டப் புள்ளிவிவரத்தை எடுத்து முதல் பக்கத்தில் போடுவது. தேசிய குடும்பநல ஆய்வில் சேலத்துக்கென்று எண்கள் உண்டு, தப்பில்லாத எண்கள்தான். ஆனால் அஸ்தம்பட்டி பங்களாவும் அம்மாபேட்டை நெசவாளர் தெருவும் ஏற்காடு மலையின் செம்மநத்தம் குடிசையும் ஒன்றாகக் கலந்த எண் அது. இந்த ஏற்றத்தாழ்வைப் போக்கத்தானே பணம் கேட்கிறோம், அந்த ஏற்றத்தாழ்வே சராசரிக்குள் மறைந்துபோகிறது. மாநகராட்சியில் 60 வார்டுகள். ஒரே வார்டுக்குள்ளேயே இரண்டு தெருவுக்கு நடுவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

கொலுசுப் பட்டறைத் தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைப்பும் மெருகும் வீட்டு முன்னறையிலேயே நடக்கும். புகை உள்ளறைக்குப் போகும், அங்கேதான் குழந்தை தூங்கும், அங்கேதான் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எழுதும். இது எந்த மாவட்ட அட்டவணையிலும் வராது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவின் நாற்பது வீட்டில் எத்தனை வீட்டில் பட்டறை, எத்தனை குழந்தைக்கு இருமல், எத்தனை பேர் பத்தாவதோடு நின்றார்கள் என்று நீங்கள் எண்ணினால்தான் வரும். வார்டு சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடி டீச்சரையும் கேளுங்கள். பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

காகிதங்களுக்கு வருகிறேன். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்கீழ் வருவது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஆகவே மும்பைக்கு எழுதும் முன், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் என்னென்ன ஆலைகள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் டிரஸ்ட்டுக்கு வருமான வரித்துறையில் அறநிறுவனப் பதிவும், நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி ஒப்புதலும் வேண்டும், இதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் வேண்டும். இவை கையில் இல்லாத சின்னக் குழுக்கள் சோர்ந்துபோக வேண்டாம்; பதிவுள்ள ஒரு டிரஸ்ட்டோடு சேர்ந்து, அவர்கள் நடத்தும் திட்டத்தில் நீங்கள் வேலை செய்யலாம். யார் என்ன செய்வது என்பதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதி என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும்.

சம்பளத்தை பட்ஜெட்டில் போடப் பயப்படுகிறார்கள். “நிர்வாகச் செலவு அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல கூடாதாமே?” என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கானது. காப்பகத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கூலி நிர்வாகச் செலவு ஆகாது, திட்டமே அதுதான். அவரைச் சேவை என்ற பெயரில் சும்மா உழைக்க வைத்து, பொருள் மட்டும் வாங்கக் காசு கேட்காதீர்கள். இரண்டாவது மாதம் அவரும் பழம் பறிக்கப் போய்விடுவார். போகத்தான் வேண்டும், அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிஎஸ்ஆர் பணம் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியிருக்கும் இடைத்தரகர்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சேலம் டவுனில் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் மாலை உணவு போடுகிறவர், “பிராசஸிங் சார்ஜ்” என்று நாற்பதாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு எட்டு மாதம் காத்திருந்தார். கடைசியில் அந்தப் போன் நம்பரே உபயோகத்தில் இல்லை. அது சாப்பாட்டுக்கு வந்த நன்கொடை. இன்னொரு வகை இதைவிட மோசம்: ஒரு கோடி செக் தருகிறோம், பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள் என்பார்கள். இது குற்றம், மாட்டினால் கையெழுத்துப் போட்ட டிரஸ்டிதான் பதில் சொல்ல வேண்டும். நேர்மையான எந்த அறக்கட்டளையும் விண்ணப்பிக்கப் பணம் கேட்காது. கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். நவம்பரில் பழம் சிவக்கும் என்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு, ஆள் அனுப்பிப் பார்த்து, ஒப்பந்தம் போட்டுப் பணம் வர ஐந்தாறு மாதம் சாதாரணமாக ஆகும்.

எங்கள் காப்பகம் போன சீசனில் நடந்தது. பிப்ரவரியில் அதே பள்ளிக்குப் போய், அதே டிசம்பர் பக்கத்தைப் பார்த்துத்தான் அறிக்கை எழுதினோம். முந்தைய வருடம் விட்டுப்போன ஆறு பேரில் நாலு பேர் தொடர்ந்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. டிரஸ்ட் அக்காவுக்கு அதை எழுதத் தயக்கம், “அடுத்த வருஷம் குடுக்காம போயிட்டா?” என்றார். எழுதினோம், காரணத்தோடு: அந்த இரண்டு குடும்பமும் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டன, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அறிக்கை போன பத்தாவது நாள் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. குடும்பம் வெளியூர் போகும் மாதங்களில் அந்தப் பிள்ளைகள் இங்கேயே தங்கிப் படிக்க என்ன வழி, உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் இருக்குமா, விசாரித்து எழுதுங்கள் என்றார்கள். அக்கா இந்த வாரம் அதற்காகத்தான் மலைக்குப் போயிருக்கிறார்.