ஏற்றுமதிக்கு முன் கவனிக்க வேண்டிய அறிவுசார் சொத்துரிமை

கோவையில் காப்புரிமை, வணிகக்குறிப் பதிவுப் பணிகளைச் செய்துவரும் என்னிடம், பம்ப்செட் தயாரிப்பவரும் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளரும் தவறாமல் கேட்பது இது: "இங்கேயே பதிவு பண்ணியாச்சுங்களே, மத்த நாட்டுக்கும் அது செல்லாதுங்களா?" செல்லாது. காப்புரிமை, வணிகக்குறி, வடிவமைப்புப் பதிவு ஆகிய மூன்றும் அவற்றை வழங்கிய நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். உலகம் முழுவதற்குமான ஒற்றைக் காப்புரிமை என்று எதுவும் கிடையாது. 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான ட்ரிப்ஸ், காப்புரிமைக்கு விண்ணப்ப நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டு என்பது போன்ற அடிப்படை வரம்புகளை வகுத்ததே தவிர, நாடுகளின் சட்டங்களை ஒன்றாக்கிவிடவில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை மஞ்சள் வழக்கு காட்டுகிறது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. ஈரோட்டுப் பக்கம் எந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லக்கூடிய இந்த வைத்தியம் அங்கே எப்படிப் புதியதாயிற்று என்ற கோபம் நியாயமானதே. ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பிற நாட்டு மக்களின் வாய்வழி அறிவும் புழக்கமும் ஒரு கண்டுபிடிப்பின் புதுமையைக் கெடுக்கும் சான்றுகளாக எண்ணப்படவில்லை. அச்சில் வெளியான ஆவணம் வேண்டும். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும், 1953-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரையையும் முன்வைத்த பிறகே 1997-ல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. இந்தியா 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கியதற்கும், 2002-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் சமூகங்களின் வாய்வழி அறிவையே ஒரு காப்புரிமையை எதிர்ப்பதற்கான காரணமாகச் சேர்த்ததற்கும் பின்னணி இத்தகைய அனுபவங்களே. அமெரிக்காவும் 2013 மார்ச் 16 முதல் உலகில் எங்கு நடந்த பொதுப் பயன்பாட்டையும் கணக்கில் கொள்கிறது. சட்டங்கள் இப்படி மாறுகின்றன. ஆனால் மாற்றம் வரும் வரை இழப்பு நம்முடையது.

எங்கள் ஊர்த் தொழில்முனைவோர் அதிகம் பாதிக்கப்படுவது புதுமை பற்றிய விதியில்தான்: விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியானது பொதுவாகப் புதியதாகக் கருதப்படாது. புதிய மோட்டாரையோ கிரைண்டரையோ கொடிசியா வளாகக் கண்காட்சியில் வைத்து, ஆர்டர் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பார்கள். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அமெரிக்காவும் ஜப்பானும் ஓராண்டு அவகாசம் தருகின்றன. ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தில், மிக அரிதான விதிவிலக்குகளைத் தவிர, வெளியான அன்றே புதுமை போய்விடும். இந்தியாவில், மைய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே 12 மாதச் சலுகை உண்டு. எல்லாக் கண்காட்சிகளும் அப்படி அறிவிக்கப்படுபவை அல்ல. ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகே கண்காட்சியும் சாம்பிளும்.

இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி காப்புரிமைக்கு 12 மாதமும், வணிகக்குறிக்கும் வடிவமைப்புக்கும் 6 மாதமும் முன்னுரிமை கிடைக்கும். அதற்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே கணக்கு. ஒரே சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பத்துக்கு இடம் தரும் பி.சி.டி. (காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை) வழியில் சென்றால், எந்தெந்த நாடு என்று முடிவெடுக்கப் பொதுவாக 30 மாதம் வரை கிடைக்கும். பையர் யார், சந்தை எது என்று தெளிவாவதற்குள் பெருஞ்செலவு செய்ய முடியாத சிறு பட்டறைக்கு இந்த அவகாசம் மிகப் பெரிய உதவி. ஆனால் இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் விண்ணப்பிக்க, இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் கழிந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமை அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி பெற்றிருக்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும், தண்டனையும் உண்டு.

வணிகக்குறியில் நிலைமை வேறு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பெயரை முதலில் பயன்படுத்தியவருக்கு வலு உண்டு. சீனாவில் பெரும்பாலும் முதலில் பதிவு செய்தவருக்கே. பயன்படுத்தும் எண்ணமின்றித் தீய நோக்கோடு செய்யப்படும் விண்ணப்பங்களை மறுக்க 2019-ல் அந்நாடு சட்டத்தைத் திருத்தியது நல்ல செய்தி. எனினும் அதை நம்பி இருப்பதைவிட, அங்கே உதிரிபாகம் வாங்கத் தொடங்கும் முன்பே உங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்வது செலவு குறைந்த வழி. இந்தியா 2013-ல் சேர்ந்த, வணிகக்குறிகளுக்கான சர்வதேசப் பதிவு முறையான மாட்ரிட் ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஆனால் முதல் ஐந்தாண்டுக்குள் இந்தியப் பதிவு வீழ்ந்தால் அதைச் சார்ந்த சர்வதேசப் பதிவும் வீழும்.

முதல் ஆலோசனைக்கு வரும்போது நான்கு விவரங்களைக் கொண்டுவாருங்கள்: பொருளை எந்த நாடுகளில் விற்கிறீர்கள், எங்கே தயாராகிறது, போட்டியாளர் எங்கே தயாரிக்கிறார், முதல் சாம்பிளோ படமோ யாருக்கு எந்தத் தேதியில் சென்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் இதில் சேரும்.