முதல் கணினி மொழி: தப்பைச் சொல்லுமா, மறைக்குமா?

சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு கணினி வகுப்பில் உட்காருபவர்கள் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் பார்த்திருப்பார்கள். கணினிப் பயன்பாடுகள் படித்தவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் பழக்கம். உயிரியல் பிரிவிலிருந்து வருபவர் நெளிவு அடைப்புக்குறியைக் கீபோர்டில் தேடிக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் சேர்த்து எந்த மொழியில் தொடங்குவது? எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று பார்த்து முடிவெடுப்பதே வழக்கம். அது கடைசி வருஷத்துக் கேள்வி. முதல் மாதத்தில் பார்க்க வேண்டியது வேறு: மாணவர் தப்புச் செய்தால் இந்த மொழி வாய்திறந்து சொல்லுமா, மறைத்துவிடுமா?

ஜவ்வரிசிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். மூட்டைக்கு 90 கிலோ, மொத்தம் 400 மூட்டை. பெருக்கினால் 36,000 கிலோ. பழைய டாஸ் நிரல்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடும் டர்போ சி என்ற பழைய சி தொகுப்பியில், இரண்டு எண்ணையும் முழு எண்ணுக்கான ‘இன்ட்’ மாறிகளில் வைத்துப் பெருக்கி இன்னொரு ‘இன்ட்’டில் போட்டால் -29,536 என்று விடை வரும். அதில் இன்ட்டுக்கு 16 பிட் இடம்தான். 32,767-க்கு மேல் கொள்ளாது. தாண்டினால் சுற்றிக்கொண்டு குறை எண்ணாகிவிடும் (36,000-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள்). எச்சரிக்கை எதுவும் வராது. இதே நிரலை இன்றைய சி தொகுப்பியான ஜிசிசி-யில் ஓட்டினால் இன்ட் 32 பிட் என்பதால் சரியான விடை வரும். லேபில் ஒரு விடை, வீட்டில் ஒரு விடை என்றால் புதிதாகப் படிப்பவர் தன் கணக்கைத்தான் சந்தேகப்படுவார். டர்போ சி-க்கு எப்போதோ விடைகொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படி வரம்பு கிடையாது. பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம்; ‘மூட்டை = 400’ என்று எழுதினால் ஓடும். ஆனால் பைத்தானும் அரிச்சந்திரன் இல்லை. மூட்டை = 4 என்று நிரலிலேயே எழுதிவிட்டு, எடையை மட்டும் இன்புட் மூலம் வாங்கி, 90 என்று தட்டிப் பெருக்கச் சொல்லுங்கள். விடை 90909090. இன்புட் எப்போதும் எண்ணைத் தராது, எழுத்துச் சரத்தைத்தான் தரும். சரத்தை 4-ஆல் பெருக்கினால் அது நான்கு முறை ஒட்டப்படும். இரண்டையுமே இன்புட்டில் வாங்கியிருந்தால் டைப்எரர் (வகை பொருந்தாத பிழை) என்று வரி எண்ணோடு நின்றிருக்கும். நின்றுவிடும் தப்பு நல்ல தப்பு. இரண்டையும் முதல் வாரமே வேண்டுமென்றே காட்டிவிட்டு, இன்புட்டைச் சுற்றி, சரத்தை எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ போடச் சொல்லித் தர வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரவுசர் போதும், எதையும் நிறுவ வேண்டாம், பெரிய வசதிதான். ஆனால் அங்கே "90" என்ற சரத்தை 4-ஆல் பெருக்கினால் 360, அதே சரத்தோடு 4-ஐக் கூட்டினால் 904. பெருக்கல் சரி, கூட்டல் தப்பு, இரண்டும் சத்தமில்லாமல். முதல் மொழியாக இதை வைக்கக்கூடாது.

அப்படியானால் சி எதற்கு? நினைவகம் என்று ஒன்று இருப்பதை அதுபோல் காட்டும் மொழி குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பிரிவுக்கு முதல் பருவம் பைத்தான், இரண்டாம் பருவம் சி. அந்த வரிசை சரியானது. ‘ஏற்காடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் ஏ, ற், கா, டு என நான்கு எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 7: யூனிகோடில் புள்ளி, துணைக்கால், உகரக் குறி மூன்றும் தனித்தனி எண்கள். சி-யில் கேட்டால் 21: எழுத்தைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்தோடு 22 பைட் வேண்டும். நாலெழுத்துதானே, 20 தாராளம் என்று ஒதுக்கினால் கடைசி 2 பைட் பக்கத்து மாறியின் மேல் போய் விழலாம். நிரல் அப்போதைக்கு ஓடும். வேறெங்கோ ஒரு மதிப்பு கெட்டுக் கிடக்கும். எல்லா வார்னிங்கையும் காட்டச் சொல்லி, ஒதுக்கிய இடத்தை மீறுவதைக் கண்காணிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஜிசிசி-யில் தொகுத்தால் நிரல் மீறல் நடந்த இடத்திலேயே நின்றுவிடும். சி-யைக் கற்பிக்கும் லேபில் இவை இரண்டும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். சி-யில் இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப்பில் & குறி விட்டுப்போனதையும் அந்த வார்னிங்கே சொல்லிவிடும்.

லினக்ஸ் கட்டளைகளைக் கோத்து எழுதும் பாஷ் ஸ்கிரிப்டுக்கு இரண்டு மூன்று லேப் வகுப்பு போதும். அங்கே ஒரு தொல்லை இடைவெளி. சமக்குறியின் இருபுறமும் இடம் விட்டால், மாறியின் பெயரையே கட்டளையாக எடுத்துக்கொண்டு ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்னும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்து, மேற்கோள் போடாமல் விட்டால் ஒரு கோப்பு இரண்டு பெயராக உடையும். அழிக்கும் கட்டளையோடு இது சேர்ந்தால் போனது போனதுதான்.

இதெல்லாம் லேபுக்கு வெளியே எங்கே ஓடும் என்பதும் மொழியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி. சேர்வராயன் மலைக் கிராமத்துக்கு வார இறுதியில் போகும் மாணவரிடம் லேப்டாப் இல்லாமல் போன் மட்டும் இருக்கலாம்; சிக்னல் வந்து போகும். ஆன்லைன் கம்பைலரை நம்பிக் கொடுக்கும் வீட்டுப்பாடம் அங்கே நடக்காது. பைட்ராய்டு 3 என்ற ஆண்ட்ராய்டு செயலி இணையமில்லாமல் பைத்தானை ஓட்டும். போனில் லினக்ஸ் கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸை ஒருமுறை கல்லூரி வைஃபையில் நிறுவி, கிளாங் என்ற சி தொகுப்பியையும் இறக்கிக்கொண்டால் சி, பாஷ் இரண்டும் கைக்குள் வந்துவிடும். பாடக் குறிப்பை மட்டும் வேர்டு கோப்பாக அனுப்பாதீர்கள்: வேர்டு நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், அதை அப்படியே ஒட்டினால் பைத்தான் சிண்டாக்ஸ் எரர் காட்டும். வெறும் டெக்ஸ்ட் கோப்பாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.