துடைத்தாலும் போகாத பெயர்

பாறையில் எழுதியதை அழிக்கக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "தின்னர் ஊத்தினா போயிடும்ல சார்?" என்றுதான். பெயின்ட் போகும். கூடவே கொஞ்சம் கல்லும் போகும்.

பல்லாவரம் பக்கம் ஒரு பாறை. சிவப்பு ஸ்ப்ரே பெயின்டில் ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் ஓர் இதயம். நான் போவதற்குள் யாரோ நல்ல மனதோடு, எழுத்து எழுத்தாகக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தார்கள். சிவப்பைக் காணோம். பெயர் மட்டும் பழுப்புப் பாறையில் வெளிறிப்போய், முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

அந்தப் பழுப்பு அழுக்கில்லை. மழையும் வெயிலும் பட்டு, கல்லிலுள்ள இரும்பு துருவேறி, மிக நீண்ட காலத்தில் உண்டான மேல்தோல். உள்ளே இருக்கும் கல் கெட்டி. இந்தத் தோலில்தான் நுண்துளைகள் அதிகம். பெயின்ட் அதில் இறங்கும். தின்னர் ஊற்றினால் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும். ஆசிட் பட்டால் கனிமங்களையே அரித்துவிடும்.

தோலின் மேல் வட்ட வட்டமாகப் படிந்திருக்கிறதே, அது பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் உறவு. அதில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கையளவு திட்டு ஒன்றின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது சாதாரணக் கல்லும் இல்லை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை ஆராய்ந்துதான், 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறை வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். பரங்கிமலைப் பகுதிப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன்மேல் கட்சி எழுத்தும் டியூஷன் விளம்பரமும்!

மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட பாறையில் கிறுக்கினால் 1958-ஆம் ஆண்டு தொல்லியல் நினைவுச் சின்னச் சட்டப்படி இரண்டாண்டு சிறை வரை உண்டு. ஆனால் என்னிடம் வருவதெல்லாம் கிறுக்கிய பிறகுதான். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: புதுக் கிறுக்கலைப் பார்த்தால் தேய்க்காதீர்கள். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, பொறுப்பான துறைக்குச் சொல்லுங்கள். மேலே சுண்ணாம்பு அடித்து மறைக்கவும் வேண்டாம். அப்புறம் இரண்டையும் எடுக்க வேண்டியிருக்கும்.

பல்லாவரம் பாறையில் நான் கை வைக்கவில்லை. மூன்று மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பெயர் அப்படியே இருந்தது. யாரோ கீழே இன்னொரு பெயரைச் சேர்த்திருந்தார்கள்.