தங்கத்தின் மேல் கண்ணாடி: ஃபாபர்ஜே முட்டைகள் எப்படி ஒளிர்கின்றன?

1885 ஈஸ்டருக்கு மனைவி மரியாவிடம் கொடுக்க ஒரு முட்டை செய்யச் சொன்னார் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர். செய்து கொடுத்தவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகைக்கலைஞர் பீட்டர் கார்ல் ஃபாபர்ஜே. அது ஆண்டுதோறும் ஒரு முட்டை என்ற வழக்கமானது. அடுத்து வந்த மகன் இரண்டாம் நிக்கோலஸ், தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என அதை இரண்டாக்கினார். 1916 வரை அரச குடும்பத்தின் கைக்குப் போனவை 50.

இந்த முட்டைகள் என்றதும் வைரங்களைத்தான் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு அவற்றின் உண்மையான அற்புதம் எனாமல், அதாவது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் பூச்சு.

1897-இல் நிக்கோலஸ் தன் மனைவி அலெக்சாந்த்ராவுக்குக் கொடுத்த முடிசூட்டு விழா முட்டையைப் பாருங்கள். மஞ்சள் பரப்புக்கு அடியிலிருந்து கதிர்கள் விரிவது போலத் தெரியும். அது வண்ணப்பூச்சு இல்லை, கண்ணாடி. முதலில் தங்கத் தகட்டில் ஒரு கடைசல் இயந்திரத்தால் நுண்ணிய வரிகளைச் சீராகக் கீறுவார்கள். கண்ணாடித் தூளை நீரில் குழைத்து அதன்மேல் பரப்பி, காயவிட்டு, சூளையில் ஏறக்குறைய 700 முதல் 800 டிகிரி செல்சியஸில் உருக்குவார்கள். ஆறியதும் அடுத்த பூச்சு, மறுபடி சூளை. இப்படிப் பல முறை.

ஒளி கண்ணாடிக்குள் நுழைந்து, உலோகத்தில் பட்டு, அதே கண்ணாடி வழியாகத் திரும்பி வருகிறது. பள்ளத்தின் மேல் கண்ணாடி தடிமன் என்பதால் அங்கே நிறம் அடர்த்தி, மேட்டில் வெளிர். முட்டையைத் திருப்பினால் வரிகளின் வெவ்வேறு சரிவுகள் ஒளியைப் பிடிக்கின்றன, கதிர்கள் நகர்கின்றன. நிறத்தைத் தருவது கண்ணாடியில் கலந்த மிகச் சிறிதளவு உலோகப் பொருள்: நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு, சிவப்புக்குக் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள்.

சரி, இதில் என்ன கஷ்டம்? ஆறும்போது தங்கம் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்குகிறது. அதனால் கண்ணாடி இறுக்கப்படுகிறது. ஓரளவு இறுக்கம் நல்லதுதான். கண்ணாடி இழுவிசையைவிட அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் முட்டை வளைந்த வடிவம். அந்த அழுத்தம் கண்ணாடியை உலோகத்திலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும். இரண்டின் சுருக்கமும் ஒத்துப்போகாவிட்டால் விரிசல் விடும், அல்லது பெயர்ந்துவிடும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் அந்த வேலை போச்சு. இதனால்தான் ஓர் அரச முட்டைக்கு மாதக் கணக்கில் உழைத்தார்கள். அப்படி உழைத்த பட்டறைத் தலைவர்கள் மிகைல் பெர்கினையும் ஹென்ரிக் விக்ஸ்ட்ரோமையும் ஃபாபர்ஜேவோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

கற்கள் கடைசியில்தான் ஏறும், ஏனென்றால் பதித்த கற்களோடு மறுபடி சூளைக்குள் வைக்க முடியாது. அப்புறம் எனாமல் ஓரிடத்தில் உடைந்தால், அதை முறைப்படி சரிசெய்யக் கற்கள் அத்தனையையும் கழற்றியாக வேண்டும்.