புதிய நகரமா, பெரிய நகரமா?

சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து 1991-இல் வெளியான 'சிவிலைசேஷன்' வீடியோ கேமுக்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நகரத்தைச் சுற்றியுள்ள நிலம் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கும். ஒரு குடிமகன் ஒரு கட்டத்தில் உழைத்து உணவோ, உற்பத்தியோ, வணிகமோ ஈட்டித் தருவான். ஆனால் நகரம் அமர்ந்திருக்கும் நடுக்கட்டம் மட்டும் ஆளில்லாமலே விளையும். ஆகவே இரண்டு பேர் வாழும் ஒரு நகரத்துக்கு மூன்று கட்டங்களின் பலன் கிடைக்கும். அதே இரண்டு பேரை இரண்டு நகரங்களில் ஆளுக்கொருவராகக் குடிவைத்தாலோ, நான்கு கட்டங்களின் பலன்.

அந்த ஓசிக் கட்டத்தை ஆட்டக்காரர்கள் விடவில்லை. பெரிய நகரங்களை வளர்க்கும் பொறுமையைக் கைவிட்டு, வரைபடம் முழுக்கக் குட்டி ஊர்களை நெருக்கி நட்டு வெற்றி பெற்றார்கள். மக்கள்தொகைக் கணக்கும் அவர்கள் பக்கமே சாய்ந்தது: ஒவ்வொரு புதிய ஆளும் பிறக்க, முந்தைய ஆளுக்குத் தேவைப்பட்டதைவிடக் கூடுதல் உணவு சேர வேண்டும். சிறிய ஊர் சட்டென்று வளரும். பெரிய ஊர் திணறும். எனவே விரிவாக்கத்துக்கு ஏதாவது கடிவாளம் போடாவிட்டால், நகரத்தை வளர்ப்பது என்ற பாதி விளையாட்டே செத்துவிடும்.

2001-இல் வந்த மூன்றாம் பாகம் ஊழலைக் கடிவாளமாக்கியது. தலைநகரத்திலிருந்து தள்ளிப்போகப் போக, ஊர்களின் எண்ணிக்கை கூடக் கூட, வருமானம் வீணாகும். தொலைதூர ஊரில் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது. ஆனாலும் விரிவாக்கம் நிற்கவில்லை. காரணம் எளிது: ஊழல் வரவைத்தான் தின்றது, கையிருப்பைத் தொடவில்லை. ஒற்றைக் காசு தரும் ஊரும் லாபம்தானே?

2010-இல் வந்த ஐந்தாம் பாகம் எதிர்த்திசையில் வெகுதூரம் போனது. நாடு முழுவதற்கும் ஒரே மகிழ்ச்சிக் கணக்கு. ஊர் ஒன்றுக்கு 3, ஆள் ஒருவருக்கு 1 என்று அதிருப்தி சேரும். 2013-இல் அதற்கு வந்த கூடுதல் தொகுப்பு, ஒவ்வொரு கூடுதல் ஊருக்கும் ஆராய்ச்சிச் செலவை 5 சதவீதம் உயர்த்தியது. நான்கு ஊரோடு நிறுத்திக்கொள்வதே பலருக்கும் வாடிக்கையாகிப்போனது. முடிவெடுக்கவே வேலையில்லாத அந்த நிலை எனக்கு உவப்பானதல்ல.

இரண்டுக்கும் நடுவே, 2005-இல் சோரன் ஜான்சன் தலைமையில் உருவான நான்காம் பாகம்தான் இந்தச் சிக்கலை மிக அழகாகத் தீர்த்தது என்பேன். அங்கே ஊர் என்றால் பராமரிப்புச் செலவு. தொலைவுக்கு ஒரு பங்கு, மொத்த ஊர்களின் எண்ணிக்கைக்கு ஒரு பங்கு. புதிய ஊர் ஒன்று எழுந்தால் பழைய ஊர்களின் செலவும் சேர்ந்தே ஏறும். கஜானா சுருங்குவதால், ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பங்கை 100 சதவீதத்திலிருந்து 60, 50, 40 என்று இறக்கியாக வேண்டும். அதாவது, புதிய ஊர் முதலில் நஷ்டம். வளர்ந்த பிறகே லாபம்.

அந்த நஷ்டத்தைத் தாங்கும் பணம் எங்கிருந்து வரும்? முன்பே வளர்ந்த ஊர்களிலிருந்து. குடிசை போட்ட கட்டத்தைப் பாருங்கள்: முதலில் 1 வணிகம் தரும். ஒருவர் அங்கே 10 சுற்று (ஆட்டத்தின் காலம் சுற்றுச் சுற்றாகத்தான் நகரும்) உழைத்தால் குக்கிராமமாகி 2 தரும். மேலும் 20 சுற்றில் கிராமம், 3. இன்னும் 40 சுற்றில் பேரூர், 4. ஆள் இல்லாத சுற்று கணக்கில் சேராது. எனவே ஆறாவது ஊரின் செலவைத் தாங்க, இரண்டாவது ஊரின் குடிசைகளில் வெகுமுன்பே ஆள் இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, புதிய ஊர் அமைக்கப் போகும் குடியேறிகளை உருவாக்கும்போது நகரத்தின் உபரி உணவும் அதற்கே போய்விடும். அத்தனை சுற்றுகளும் அந்த நகரம் வளராது. விரிவாக்கமும் வளர்ச்சியும் ஒரே தட்டிலிருந்து உண்கின்றன.

இதனால் எத்தனை ஊர் என்பதைவிட எந்த ஊர் என்பதே பெரிய கேள்வியாகிறது. நெல்லோ மீனோ அருகில் இருந்தால் ஊர் விரைவில் நான்கைந்து பேராக வளர்ந்து தன் செலவைத் தானே சம்பாதிக்கும். பாலையில் நட்ட ஊர் ஆட்டம் முழுக்கக் கடன்காரனாகவே நிற்கும். செம்பும் குதிரையும் மட்டும் விதிவிலக்கு: அவை இல்லாமல் ஆரம்பகாலப் படையைத் திரட்டுவது கடினம் என்பதால், நஷ்டம் என்று தெரிந்தே அங்கே ஊர் அமைக்கலாம்.