நிலக்கரிக்குக் கீழே ஒரு பனியாறு

தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து நிலக்கரி வருகிறது. பாரதீப் துறைமுகம் வரை ரயிலில், அங்கிருந்து கப்பலில். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும் வட்டாரம் அது. ஆனால் அந்த நிலக்கரி அடுக்குகளுக்கும் அடியில் கிடப்பது, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியாறு இழுத்து வந்து போட்ட கற்கள்.

கற்களைவிட, அவை கிடக்கும் விதம்தான் விசேஷம். பச்சைச் சாயலுள்ள நுண்ணிய சேறு இறுகிக் கல்லாகியிருக்கிறது. அதற்குள் கூழாங்கல்லும், சில அடி விட்டமுள்ள பாறையும் கலந்து கிடக்கின்றன. ஓடுகிற தண்ணீர் இப்படிச் செய்யாது. பாறையை உருட்டும் வேகம் இருக்கிற இடத்தில் சேறு தங்காது. சேறு படியும் அளவுக்கு ஓட்டம் தணிந்த இடத்துக்குப் பாறை வந்து சேராது. பனிக்கட்டிக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. அகப்பட்டதை வாரிக்கொண்டு போய், உருகும் இடத்தில் அப்படியே கொட்டிவிடும்.

1856-ல் தால்சேர் பற்றி அறிக்கை எழுதிய புவியியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் இது பனிக்கட்டியின் வேலையாக இருக்கலாம் என்றார்கள். ஐரோப்பாவிலேயே பனியுகம் என்பது புதுப்பேச்சாக இருந்த காலம். வெப்ப நாட்டில் பனியா என்று கேட்டவர்கள் இருந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, பனியாறு பாறையை எப்படிப் பெயர்க்கிறது? ஆண்டுக்கணக்கில் விழும் பனி அமுங்கி, இறுகி, தன் பாரத்தாலேயே மெல்ல நகர ஆரம்பிக்கிறது. அடியில் உருகும் நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து மறுபடி உறையும்போது துண்டுகளைப் பிடுங்கிக்கொள்கிறது. கற்கள் பதிந்த அந்த அடிப்பாகம் ராட்சத உப்புத்தாள் மாதிரி தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். தேய்க்கிற கல்லும் தேயும். ஆற்றுக்கல் எல்லாப் பக்கமும் உருண்டிருக்கும். பனியாற்றுக் கல்லில் ஓரிரு பக்கம் சீவியதுபோலத் தட்டையாக, இணைகோடுகளாகக் கீறல் விழுந்திருக்கும். நடுவழியில் கல் கொஞ்சம் திரும்பியிருந்தால், பழைய கீறல்களின் குறுக்கே இன்னொரு வரிசை.

கல் மட்டும்தானா, தேய்ந்த தரை எங்கே? அதுவும் 1870-களில் அகப்பட்டது. மகாராஷ்டிரத்தில் சந்திரபூருக்கு அருகே இரை என்ற இடத்தில், வழவழப்பாகி வரிவரியாகக் கீறப்பட்ட சுண்ணாம்புப் பாறைத் தளத்தை ஃபெடன் என்ற புவியியலாளர் கண்டார். அதன்மேல், தால்சேரில் பார்த்த அதே வகைப் பாறைப் படுகை.

இன்னொரு தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. சில இடங்களில் மெல்லிய வண்டல் ஏடுகள் ஒரு கல்லுக்குக் கீழே மட்டும் குழிந்திருக்கும். கல்லுக்கு மேலுள்ள ஏடுகளோ அதைப் போர்த்தியபடி போகும். அமைதியான நீரில் மிதந்து வந்த பனிக்கட்டி உருகி, தான் சுமந்த கல்லைக் கீழே நழுவவிட்டிருக்கிறது. விழுந்த கணம் அப்படியே பதிவாகிவிட்டது.

அப்புறம் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்று அதே காலத்துப் பனியாற்றுப் படிவுகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இன்றைய வரைபடத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டாது. 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்ற ஆல்ஃபிரட் வெகனர் இவற்றையும் சான்றாக எடுத்துக்கொண்டார்: எல்லாம் தென் துருவத்தை ஒட்டி, கோண்டுவானா என்ற ஒரே நிலமாகச் சேர்ந்திருந்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது. இந்தியா அந்தப் பனியோடு அங்கே இருந்தது. வடக்கே வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து.

பனி விலகியதும் தாழ்வான இடங்களில் கடல்நீர் புகுந்தது. சத்தீஸ்கரின் மனேந்திரகரில், ஹஸ்தேவ் ஆற்றங்கரையில், இந்தப் பனியாற்றுப் படிவுகளோடு சேர்ந்தே கடல் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அங்கிருந்து இன்றைய கடற்கரைக்குப் பல நூறு கிலோமீட்டர்.